பத்து டாலர் கேள்வி: வாய்ப்புச் செலவை நாம் எப்படிக் கற்பிக்கிறோம்

2005 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியா நகரில் அமெரிக்கப் பொருளியல் சங்கமும் அதன் தோழமைச் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் ஆண்டுக் கூட்டம் நடந்தது. வேலை தேடி வரும் புது முனைவர்கள் முதல் பெரும் பேராசிரியர்கள் வரை ஆயிரக்கணக்கானோர் கூடும் இடம் அது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் ஃபெராரோவும் லாரா டெய்லரும் அங்கே வந்திருந்த 199 பொருளியலாளர்களிடம் ஒரே ஒரு கேள்வியை நீட்டினார்கள். முதலாண்டு மாணவருக்குக் கேட்கும் கேள்விதான், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதில் சொன்னவர்களில் பெரும்பான்மையினர் தொடக்கநிலைப் பொருளியல் பாடத்தைத் தாங்களே நடத்தியவர்கள்.

சரியான விடையைத் தொட்டவர்கள் 21.6 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலே 25 விழுக்காடு வந்திருக்கும்.

இந்தச் சம்பவம் பொருளியல் ஆசிரியர்களிடையே அடிக்கடி பேசப்படுவதுதான். பெரும்பாலும் "பார்த்தீர்களா, அவர்களுக்கே தெரியவில்லை" என்ற அளவில் பேச்சு நின்றுவிடும். எனக்கு அது போதவில்லை. கல்லூரியில் பொருளியல் சொல்லித் தருகிறவன் என்ற முறையில், ஒரு கருத்து வகுப்பறையில் எப்படித் தொலைந்துபோகிறது என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்குக் கிடைத்ததில்லை. அதனால் முழுதாக எடுத்து வைக்கிறேன்.

கேள்வி இதுதான்

எரிக் கிளாப்டன் இசை நிகழ்ச்சிக்கு உங்களுக்கு இலவச டிக்கெட் கிடைத்திருக்கிறது. அதை யாருக்கும் விற்க முடியாது. அதே இரவில் பாப் டிலனின் நிகழ்ச்சியும் நடக்கிறது. கிளாப்டனுக்குப் போகாவிட்டால் நீங்கள் அடுத்துத் தேர்ந்தெடுப்பது அதைத்தான். டிலன் டிக்கெட் விலை 40 டாலர். எந்த நாளாக இருந்தாலும் டிலனைக் கேட்க அதிகபட்சம் 50 டாலர் வரை கொடுக்கத் தயாராக இருப்பீர்கள். வேறு எந்தச் செலவும் இல்லை. அப்படியானால் கிளாப்டன் நிகழ்ச்சிக்குப் போவதன் வாய்ப்புச் செலவு எவ்வளவு? 0, 10, 40, 50 என்று நான்கு விடைகள்.

வாய்ப்புச் செலவு என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக நாம் விட்டுக்கொடுக்கும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பு. இலங்கையில் உயர்தரம் படித்தவர்கள் இதை அமையச் செலவு என்று படித்திருப்பார்கள். டிலனுக்குப் போயிருந்தால் 50 டாலர் பெறுமானமுள்ள ஒன்று கிடைத்திருக்கும், ஆனால் 40 டாலர் கையை விட்டுப் போயிருக்கும். நிகரமாகக் கிடைத்திருப்பது 10 டாலர். கிளாப்டனுக்குப் போவதால் இழப்பது அந்தப் பத்துதான். இதுவே ஃபெராரோவும் டெய்லரும் வைத்திருந்த விடை.

199 பேரின் பதில்கள் இப்படிப் பிரிந்தன: 50 டாலர் என்றவர்கள் 27.6 விழுக்காடு, 40 என்றவர்கள் 25.6, சுழியம் என்றவர்கள் 25.1, பத்து என்றவர்கள் 21.6. ஏறக்குறைய நான்கு சம பங்கு. எல்லோரும் ஒரே தவறான விடையில் போய் விழுந்திருந்தால் பொதுவான ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, அதைத் திருத்தலாம் என்று சொல்லிவிடலாம். இப்படிச் சிதறுவது வேறு செய்தி. கேள்வியைக் கேட்டதும் எதைச் செய்யத் தொடங்க வேண்டும் என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது.

மாணவர்களிடமும் இதே கேள்வியை அவர்கள் கேட்டார்கள். பொருளியல் பாடம் ஒன்றையாவது ஏற்கெனவே படித்திருந்த 270 இளநிலை மாணவர்களில் 7.4 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். பொருளியலே படிக்காத மாணவர்களில் சரியாகச் சொன்னவர்கள் 17.2 விழுக்காடு. படித்தவர்கள் படிக்காதவர்களைவிடப் பின்தங்கிவிட்டார்கள்!

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். யார் பொருளியல் படிப்பது, யார் படிக்காமல் இருப்பது என்று குலுக்கல் போட்டுப் பிரித்த சோதனை இல்லை இது. இரண்டு குழுக்களும் வேறு பல வகைகளிலும் வேறுபட்டிருக்கலாம். ஆகவே "பாடம் படித்ததால்தான் அறிவு மங்கியது" என்று முடிவு கட்ட இந்த எண்கள் இடம் தரவில்லை. பாடம் படித்தது கைகொடுக்கவில்லை என்ற அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். ஆசிரியருக்கு அதுவே போதுமான கவலை.

தவறான விடைகள் வந்த வழி

ஒரு தவறான விடையை வெறும் தவறு என்று அடித்துவிட்டுப் போவது சுலபம். இந்த மூன்றில் ஒவ்வொன்றும் நாம் சொல்லிக் கொடுத்த ஏதோ ஒன்றிலிருந்துதான் வருகிறது.

சுழியம் என்பவர் கையிலிருந்து போகும் காசையே செலவு என்று நினைக்கிறார். டிக்கெட் இலவசம், ஆகவே செலவு இல்லை. கணக்குப்பதிவியல் நோக்கில் அது சரிதான். பொருளியல் அங்கிருந்து விலகித் தொடங்குகிறது என்பதை நாம் முதல் வாரத்திலேயே சொல்லியிருப்போம், ஆனால் சொன்னதோடு நிறுத்தியிருப்போம்.

நாற்பது என்பவர் விட்டுக்கொடுத்த பொருளின் விலைச்சீட்டைப் பார்க்கிறார். விலையும் மதிப்பும் வேறு என்பது நுகர்வோர் உபரி (கொடுக்கத் தயாராக இருந்த தொகைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) பாடத்தில் வரும். அந்தப் பாடம் வேறு அத்தியாயம், வேறு அலகு, சில நேரம் வேறு ஆசிரியர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் வற்புறுத்துவதில்லை.

ஐம்பது என்பவர்தான் எனக்கு முக்கியமானவர். அதிகம் பேர் தேர்ந்தெடுத்ததும் அதுதான். "கைவிடப்பட்ட அடுத்த சிறந்த மாற்றின் மதிப்பு" என்ற வரையறையை அவர் நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறார். கைவிட்டது எது? டிலன். அதன் மதிப்பு எவ்வளவு? 50. முடிந்தது. நம் பல்கலைக்கழக விடைத்தாளில் இரண்டு மார்க் கேள்வியாக "வாய்ப்புச் செலவு - வரையறு" என்று கேட்டால் இவருக்கு இரண்டு மார்க்கும் விழும். டிலனுக்குப் போகாததால் 40 டாலர் மிச்சமாகிறதே என்பது அந்த வரையறையில் எங்கேயும் எழுதப்படவில்லை. ஒரு முடிவை எடுக்கும் நிலையில் தன்னை வைத்துப் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும்.

எதிர்வாதம்

2012-ல் ஜோயல் பாட்டர், ஷேன் சாண்டர்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இந்த ஆய்வுக்கு மறுப்பு எழுதினார்கள். கேள்வி தெளிவாக இல்லை என்பதல்ல அவர்கள் வாதம். வாய்ப்புச் செலவு என்ற கருத்தையே பொருளியலாளர்கள் ஒரே மாதிரி வரையறுக்கவில்லை, எதைச் செலவுப் பக்கம் எழுதுவது, எதை நன்மைப் பக்கம் எழுதுவது என்பது வழக்கத்தைப் பொறுத்தது, அந்த வழக்கத்தை மாற்றினால் நான்கு விடைகளுக்கும் நியாயம் சொல்ல முடியும் என்பது அவர்கள் நிலை. 2016-ல் மைக்கேல் பார்க்கின் இதே விவாதத்துக்குள் வந்தார். உலகெங்கும் பயன்படும் பாடநூல் ஒன்றை எழுதியவர் அவர். கைவிட்டதை அளவாகச் சொல்வது ஒன்று, பண மதிப்பாகச் சொல்வது இன்னொன்று, இரண்டும் கலந்துதான் குழப்பம் வருகிறது, அளவாகச் சொல்வதே தெளிவானது என்று அவர் எழுதினார்.

முதலில் இதைப் படித்தபோது அறிஞர்கள் தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று தோன்றலாம். அப்படித் தள்ளிவிடக் கூடாது, வாதத்தில் வலு இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

நம் ஊர் எண்களில் வைத்துக்கொள்வோம். கபடி இறுதிப்போட்டிக்கு இலவச பாஸ் கிடைத்திருக்கிறது, விற்க முடியாது. அதே மாலை ஒரு புதுப் படம். டிக்கெட் 150 ரூபாய். அந்தப் படத்துக்கு 200 ரூபாய் வரை கொடுக்கத் தயார். கபடிப் போட்டி எனக்கு 120 ரூபாய் பெறுமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகரக் கணக்கில் வாய்ப்புச் செலவு 50 ரூபாய். 120 அதைவிடப் பெரிது, ஆகவே கபடிக்குப் போகிறேன். இப்போது ஒருவர் வாய்ப்புச் செலவை 200 என்று எழுதுகிறார். எழுதட்டும். ஆனால் படத்துக்குப் போகாததால் மிச்சமான 150-ஐ நன்மைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். அப்போது நன்மை 270, செலவு 200. அவரும் கபடிக்குத்தான் போவார். முடிவு மாறவில்லை.

ஆனால் 200 என்று எழுதிவிட்டு மிச்சமான 150-ஐ மறந்தால்? நன்மை 120, செலவு 200 என்று கணக்குப் போட்டுப் படத்துக்குப் போவார். கிடைத்திருக்க வேண்டிய 120-க்குப் பதிலாக 50 தான் கிடைக்கும், 70 ரூபாய் பெறுமானம் நஷ்டம். சுழியம் என்று நினைத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். கபடி அவருக்கு வெறும் 30 ரூபாய் பெறுமானமாக இருந்தாலும் "ஃப்ரீதானே" என்று கிளம்பிவிடுவார். படத்தில் கிடைத்திருக்கும் 50 போய்விடும், 20 ரூபாய் நஷ்டம்.

ஆக, ஐம்பது டாலர் என்று குறித்த ஒருவர் விவரம் தெரிந்து வேறு வழக்கப்படி எழுதினாரா, இல்லை பாதியை மறந்தாரா என்பதை ஃபிலடெல்ஃபியாவில் கேட்ட கேள்வியால் பிரித்தறிய முடியாது. அது ஒரு பெயருக்கு உரிய தொகையைக் கேட்டது. "கிளாப்டன் நிகழ்ச்சி உங்களுக்குக் குறைந்தது எத்தனை டாலர் பெறுமானம் இருந்தால் அங்கே போவீர்கள்?" என்று கேட்டிருந்தால் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறவருக்கும் விடை பத்துதான். முடிவைப் பற்றிக் கேட்டால் சச்சரவுக்கு இடமே இல்லை.

நான் இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான். பொருளியலை நாம் பெயர்களாகக் கற்பிக்கிறோம், பெயர்களாகவே தேர்வு வைக்கிறோம். அந்தப் பெயர்கள் எந்த முடிவை எடுக்க உருவாக்கப்பட்டனவோ அந்த முடிவை மாணவர் கையில் கொடுப்பதே இல்லை. ஃபெராரோ, டெய்லர் கேள்வியும் அதே மரபில் வந்த கேள்விதான். அதனாலேயே அது நோயையும் காட்டியது, தானும் அந்த நோயில் சிக்கிக்கொண்டது.

பழைய கவலை

இது 2005-ல் திடீரென்று முளைத்த பிரச்சினை இல்லை. 1963-லேயே ஜார்ஜ் ஸ்டிக்லர் சவால் விட்டார். பின்னாளில், 1982-ல், நோபல் பரிசு பெற்றவர். கல்லூரியில் ஒரு பொருளியல் பாடம் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் படிப்பு முடிந்து சில ஆண்டுகள் கழித்துத் தேர்வு வைத்துப் பாருங்கள், வித்தியாசமே தெரியாது என்றார் அவர். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொண்டு போகும் தொடக்கநிலைப் பாடம் மாணவரைச் சிந்திக்க வைப்பதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு.

அதன் பிறகுதான் பொருளியல் கல்வி என்பதே ஒரு ஆய்வுத் துறையாக அளவுகோல்களோடு வளர்ந்தது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் கல்லூரிப் பொருளியல் புரிதலை அளக்க ஒரு பொதுத் தேர்வு உருவாக்கினார்கள். 1969-ல் ஜர்னல் ஆஃப் எக்கனாமிக் எஜுகேஷன் என்ற இதழ் தொடங்கியது. ஒரே தேர்வைப் பாடத்துக்கு முன்னும் பின்னும் வைத்து, இடையில் எவ்வளவு கூடியது என்று பார்ப்பது வழக்கமானது. 1999-ல் வில்லியம் வால்ஸ்டாடும் சாம் ஆல்குட்டும் ஸ்டிக்லரின் சவாலை நேரடியாகச் சோதித்தார்கள். இறுதியாண்டு மாணவர்களில் பொருளியல் படித்தவர்கள் சராசரியாக 62 விழுக்காடும் படிக்காதவர்கள் 48 விழுக்காடும் எடுத்தார்கள். ஸ்டிக்லர் சொன்ன அளவுக்கு மோசமில்லை, வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 62 என்பதைப் பார்த்து யாரும் பூரித்துப்போக மாட்டார்கள்.

வகுப்பில் என்ன நடக்கிறது என்பதையும் எண்ணினார்கள். வில்லியம் பெக்கரும் மைக்கேல் வாட்ஸும் 1995-லும் 2000-லும் அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களிடம் கணக்கெடுத்தார்கள். வகுப்பு நேரத்தில் 83 விழுக்காடு ஆசிரியர் நின்று பேசுவதிலேயே போகிறது என்று இரண்டு முறையும் தெரிந்தது. ஐந்து வருடத்தில் நகர்வே இல்லை. நம் கல்லூரிகளில் யாரும் இப்படி எண்ணிப் பார்த்தால், நோட்ஸ் டிக்டேட் பண்ணும் நேரத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வி முதலில் வரும்.

இயற்பியல்காரர்கள் இதே சிக்கலை நம்மைவிட முன்னதாகவே எதிர்கொண்டார்கள். நியூட்டன் விதிகளைப் பற்றிய அன்றாடத் தவறான எண்ணங்களையே விடைகளாக வைத்து, கணக்கே போடத் தேவையில்லாத ஒரு தேர்வை 1992-ல் உருவாக்கினார்கள். சூத்திரத்தில் புலியாக இருந்த மாணவர்களும் அதில் தடுமாறினார்கள். 1998-ல் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளில் 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். தொடக்கத்தில் தெரியாமலிருந்ததில் எத்தனை பங்கைப் பாட முடிவில் கற்றுக்கொண்டார்கள் என்பது அவர் அளவை. விரிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு அது சராசரியாக 0.23. ஒருவரோடொருவர் விவாதித்து, ஊகித்து, உடனே சரிபார்த்துப் படித்த வகுப்புகளில் 0.48. இரண்டு மடங்குக்கும் மேல்.

அட்டை கொடுத்து நடத்திய சந்தை

பொருளியலில் அப்படி ஒரு மரபு இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் நம்மிடம் அது பழையது. 1940-களில் ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் தன் மாணவர்களுக்கு அட்டைகள் கொடுத்தார். சிலர் வாங்குபவர், சிலர் விற்பவர். வாங்குபவர் அட்டையில் அவர் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலையும், விற்பவர் அட்டையில் அவர் ஏற்கக்கூடிய குறைந்தபட்ச விலையும் இருக்கும். அறைக்குள் சுற்றி வந்து பேரம் பேச வேண்டும். பேரம் படிந்த விலைகள் பாடநூல் சொல்லும் சமநிலை விலையில், அதாவது தேவையும் அளிப்பும் சமமாகும் விலையில், போய் நிற்கவில்லை. போட்டிச் சந்தைக் கோட்பாடு அப்படியே நடப்பதில்லை என்று காட்ட சேம்பர்லின் இதைப் பயன்படுத்தி 1948-ல் கட்டுரையும் வெளியிட்டார்.

அந்த வகுப்பில் ஒரு மாணவராக இருந்தவர் வெர்னன் ஸ்மித். சில ஆண்டுகளுக்குப் பிறகு பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானதும், தூக்கம் வராத ஓர் இரவில் சேம்பர்லினின் பயிற்சியை நினைத்துப் பார்த்து இரண்டு மாற்றங்கள் செய்தார். தனித்தனியே கிசுகிசுத்துப் பேரம் பேசாமல் எல்லோர் காதிலும் விழும்படி விலை கூற வேண்டும். ஒரு சுற்றோடு முடிக்காமல் அதே அட்டைகளோடு மீண்டும் மீண்டும் நடத்த வேண்டும். 1956 ஜனவரியில் தன் மாணவர்களோடு நடத்திப் பார்த்தார். சில சுற்றுகளிலேயே விலைகள் சமநிலை விலையை நெருங்கிவிட்டன. அவரே எதிர்பார்க்காதது அது. 1962-ல் கட்டுரையாக வந்தது, 2002-ல் நோபல் பரிசு வரை போனது. பாடம் நடத்த எடுத்த அட்டைகளிலிருந்து பொருளியலில் ஒரு முழு ஆய்வுமுறையே பிறந்திருக்கிறது. ஆனாலும் பல துறைகளில் இன்றைக்கும் தேவை, அளிப்புக் கோடுகளைப் போர்டில் வரைந்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதனால் கற்றல் கூடுகிறதா? டிஷா எமர்சனும் பெக் டெய்லரும் 2004-ல் ஒரே நுண்ணினப் பொருளியல் பாடத்தை இரண்டு விதமாக நடத்திப் பார்த்தார்கள். பரிசோதனைகளோடு படித்த பிரிவு, 1960-களில் உருவாக்கியதாக மேலே சொன்ன அந்தப் பொதுத் தேர்வில் கூடுதலாக முன்னேறியது. 2006-ல் மார்க் டிக்கியும் அதே திசையில் முடிவு கண்டார். வகுப்புப் பரிசோதனையில் சம்பாதித்ததை மதிப்பெண்ணோடு இணைத்ததால் கூடுதல் பலன் எதுவும் வரவில்லை என்பதும் அவர் ஆய்வில் தெரிந்தது. "இன்டர்னல் மார்க் உண்டு என்று சொன்னால்தான் பசங்க செய்வாங்க" என்ற நம் நம்பிக்கைக்கு அது ஒரு நல்ல மறுப்பு.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃபிராங்க் வேறு வழி பிடித்தார். ஃபிலடெல்ஃபியா முடிவுகளைப் பொதுவாசகர்களிடம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவரும் அவர்தான். கல்லூரி முடித்து நேபாளத்தில் தன்னார்வ ஆசிரியராக இருந்தவர். பள்ளியில் வருடக்கணக்கில் இலக்கணமாகப் படித்த ஸ்பானிய மொழி நாவில் வரவில்லை, சில வாரங்கள் பேசிப் பேசியே கற்ற நேபாளி வந்தது என்று எழுதியிருக்கிறார். தன் பொருளியல் மாணவர்களையும் அதே போலப் பேச வைக்க அவர் கொடுத்த பயிற்சி எளிமையானது. உங்கள் கண்ணில் பட்ட ஏதாவது ஒரு விநோதத்தைக் கேள்வியாக்குங்கள், பாடத்தில் படித்த ஒரு கருத்தைக் கொண்டு 500 சொற்களுக்குள் விளக்குங்கள், பொருளியலே படிக்காத உங்கள் உறவினருக்குப் புரியும்படி எழுதுங்கள். குறைவான கருத்துகளைத் திரும்பத் திரும்பக் கையாள வைப்பதே அவர் வழி.

வகுப்பில் கேட்டால்

மேலே சொன்ன கபடிக் கணக்கை நான் வகுப்பில் வைப்பதுண்டு. வரையறையைச் சொல்வதற்கு முன்பே வைப்பேன். முதல் குரல் எப்போதும் ஒன்றுதான்: "சார், பாஸ் ஃப்ரீதானே, அப்புறம் என்ன செலவு?" சரி என்று போர்டில் சுழியத்தை எழுதுவேன். அடுத்து 150, அடுத்து 200 வரும். யாருடையதையும் தவறு என்று சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடையை நியாயப்படுத்திக் காட்டுங்கள் என்று விட்டுவிடுவேன். கொஞ்ச நேரம் சத்தமாக இருக்கும்.

ஒரு தடவை பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "சார், படத்துக்குப் போகலேன்னா அந்த நூத்தம்பது என் கையிலயேதான இருக்கு? அதை எதுக்கு நான் செலவுல சேர்க்கணும்?" என்று கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பாடமும் இருந்தது. அதற்கப்புறம் "கபடி உனக்கு எத்தனை ரூபாய் பெறுமானம் இருந்தால் கிளம்புவே?" என்று கேட்டால், ஐம்பது என்பது பல பக்கமிருந்தும் வந்துவிடுகிறது. வரையறையை எழுதிப் போடுவது அதன் பிறகுதான். இப்படிச் செய்தால் ஒரு வகுப்பு நேரம் முழுதும் ஒரே கருத்துக்குப் போய்விடும். பாடத்திட்டம் முடியாது என்று சக ஆசிரியர்கள் சொல்வது நியாயமான கவலை. முடித்த பாடத்திட்டத்தில் எது மாணவரிடம் தங்கியது என்று, பொருளியல் படித்த மாணவர்களில் சரியாகச் சொன்ன அந்த 7.4 விழுக்காடு கேட்கிறது, அதற்கும் பதில் வேண்டும்.

நெல் மூட்டைக்கு வரும்போது

இசை நிகழ்ச்சி, கபடி என்று இருக்கும்வரை இது விளையாட்டுப் போலத் தெரியும். இந்தியாவில் இந்தக் கருத்து தெரியாமல் ஒரு பெரிய பொது விவாதத்தைப் பின்தொடரவே முடியாது. விளைபொருளுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றிய விவாதம் அது.

அந்த விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் சாகுபடிச் செலவைப் பல விதமாகக் கணக்கிடுகிறது. ஏ2 என்பது விவசாயி கையிலிருந்து போன செலவு: விதை, உரம், கூலி, எரிபொருள், குத்தகைக்கு எடுத்திருந்தால் குத்தகை. அதோடு வீட்டார் உழைப்புக்கு ஒரு மதிப்புச் சேர்த்தால் ஏ2 பிளஸ் எஃப்எல். சொந்த நிலத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாடகையையும் சொந்த மூலதனத்துக்கான வட்டியையும் சேர்த்தால் சி2. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு வைத்து ஆதரவு விலை தரச் சொன்னது. 2018 பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு தருவதாக அரசு அறிவித்தது, ஆனால் ஏ2 பிளஸ் எஃப்எல் அடிப்படையில். விவசாய சங்கங்கள் கேட்பது சி2 அடிப்படையில். இரண்டுக்கும் இடையில் இருப்பது பணமாகக் கைமாறாத, ஆனால் விட்டுக்கொடுக்கப்பட்ட வருமானம். அதாவது வாய்ப்புச் செலவு.

ஒரு கற்பனைக் கணக்கு. திருவாரூர் பக்கம் சொந்த நிலத்தில் ஓர் ஏக்கர் சம்பா. கையிலிருந்து செலவு 25,000. வீட்டார் உழைப்பின் மதிப்பு 6,000. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் தொகை 9,000. நெல் விற்ற வரவு 38,000. கைச்செலவை மட்டும் கழித்தால் 13,000 லாபம். உழைப்பையும் கழித்தால் 7,000. குத்தகையையும் கழித்தால் 2,000 நஷ்டம். மூன்று எண்களும் ஒரே வயலுக்குத்தான். "விவசாயத்தில் லாபம் வருகிறது" என்று தொலைக்காட்சியில் ஒருவரும் "நஷ்டம்தான்" என்று இன்னொருவரும் சொல்லும்போது இருவரும் பொய் சொல்லாமலே இருக்கலாம்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். வீட்டார் உழைப்புக்கு ஊரில் நிலவும் கூலியையே மதிப்பாகப் போடுவது சரியா? அந்த மாதங்களில் வெளியே வேலை கிடைக்கும் என்றால் சரி. வேறு வேலையே இல்லாத மாதம் என்றால், விட்டுக்கொடுத்தது அதைவிடக் குறைவு. நிலத்தின் குத்தகையும் அப்படித்தான். கடைமடையில் தண்ணீர் வருமா என்று தெரியாத வருடத்தில் யார் 9,000 கொடுப்பார்கள்? விவசாயக் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பாடநூலில் இல்லாத விவரங்களோடு பதில் வரும், சில நேரம் ஆசிரியரையே திருத்தும் பதில்கள்.

கேள்வித்தாளில் என்ன செய்யலாம்

வகுப்பை எப்படி நடத்தினாலும் பல்கலைக்கழகக் கேள்வித்தாள் மாறாவிட்டால் மாணவர் வரையறைக்கே திரும்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது. இதற்குப் புதுப் பாடத்திட்டமோ கணினியோ தேவையில்லை. "வாய்ப்புச் செலவு - வரையறு" என்ற இரண்டு மார்க் கேள்வியை எடுத்துவிட்டு, ஒரு முடிவைக் கொடுக்கும் ஐந்து மார்க் கேள்வியை வைக்கலாம்.

உதாரணமாக, பி.ஏ. முடித்த ஒருவருக்கு மாதம் 14,000 சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. எம்.ஏ. சேர்ந்தால் வருடம் 12,000 கட்டணம். விடுதியில் மாதம் 4,000 ஆகும். வேலைக்குப் போனாலும் தங்க, சாப்பிட அதே 4,000 ஆகும். எம்.ஏ. முதல் வருடத்தின் வாய்ப்புச் செலவு என்ன, எந்தத் தொகைகளைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன்? விட்ட சம்பளம் 1,68,000, அதோடு கட்டணம் 12,000, ஆக 1,80,000. விடுதிச் செலவு இரண்டு பக்கமும் இருப்பதால் சேராது. கட்டணத்தைத் தனியாக நேரடிச் செலவு என்று பிரித்து 1,68,000 என்று எழுதிக் காரணம் சொன்னவருக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும், பாட்டரும் சாண்டர்ஸும் சொன்னது அதைத்தான். தொகைக்கு இரண்டு மார்க், விடுதிச் செலவை ஏன் விட்டோம் என்ற விளக்கத்துக்கு மூன்று. விடைத்தாள் திருத்தும் முகாமில் இந்த மூன்று மார்க்கைப் படித்துப் பார்த்துப் போட கூடுதல் நேரம் ஆகும். துறைத்தலைவர்களும் பாடத்திட்டக் குழுவும் அந்த நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.